நுரை எல்லை தாண்டுகிறது, ஆராய்ச்சி ஏன் தாண்டவில்லை?

பெங்களூரின் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு தென்பெண்ணை நம் மாவட்டத்துக்குள் நுழைகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது நுரை மலைபோல் பொங்குகிறது. அந்த நீரைப் பாய்ச்சித்தான் நம் விவசாயி பயிர் செய்கிறான்.

அதில் என்ன கலந்திருக்கிறது? மழைக்காலத்தில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு? மண்ணையும் மனித உடம்பையும் அது என்ன செய்கிறது? இதைக் கண்டுசொல்ல ரசாயனம் படித்தவரும் புள்ளியியல் படித்தவரும் கூடிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நாட்டில் பஞ்சமா? இல்லை. டாக்டர் பட்டம் பெற்றும் நிலையான வேலையின்றி அலைகிறார்கள்.

பட்டத்துக்குப் பிறகு ஆராய்ச்சியைத் தொடர மத்திய சர்க்கார் தரும் தேசிய உதவித்தொகைக்கு ஆயுள் 2 ஆண்டு. வயது வரம்பு 35. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் 5 ஆண்டு சலுகை. மற்றத் திட்டங்களில் சேரும் ஆராய்ச்சித் துணையாளருக்கு 2023ல் நிர்ணயித்த தொகை மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தக் கதை புதிதல்ல. கையில் ஸ்பானர் இருந்தாலென்ன, சோதனைக் குழாய் இருந்தாலென்ன, தவணை முடிந்ததும் வாசலைக் காட்டும் முறை ஒன்றே!

கல்லூரிக்குப் போனாலோ, 'கௌரவ விரிவுரையாளர்' என்கிறார்கள். கௌரவம் பெயரோடு சரி.

கம்பெனிகள் பணம் போடட்டும் என்கிறது டில்லி. 2023ல் சட்டமியற்றி அமைத்த தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கு 5 ஆண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் சுமார் 36,000 கோடி சர்க்காருக்கு வெளியிலிருந்து வருமாம். கம்பெனிப் பணம் கம்பெனியின் கேள்வியைத்தான் கேட்கும். பாட்டரியைப் பற்றிக் கேட்கும், இஞ்சினைப் பற்றிக் கேட்கும். கெலவரப்பள்ளி நுரையைப் பற்றி எந்தக் கம்பெனி கேட்கப் போகிறது?

இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931ல் கல்கத்தாவில் நிறுவிய மஹலனோபிஸ், வங்காளத்துச் சணல் வயல்களில் இறங்கி விளைச்சலைக் கணக்கிட வழி கண்டார். அந்தக் கழகத்தின் கிளை பெங்களூரில் இருக்கிறது. 1909ல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகமும் அங்கேதான். ஓசூருக்கும் பெங்களூருக்கும் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து கழிவு வந்து சேர்கிறது. கழிவை அளக்கும் விஞ்ஞானம் வந்து சேரவில்லை.

எனவே நாம் கேட்பது மூன்று. சேலம் பெரியார் பல்கலைக் கழகத்திலும் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் தென்பெண்ணை நீரை ஆராய 5 ஆண்டு ஆராய்ச்சிப் பதவிகளை ராஜ்ய சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். அவற்றில் தேறியவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் நிரந்தர வேலை தர வேண்டும். சிப்காட் ஆலைகளிடம் வரி வசூலித்துப் பொது நிதி திரட்ட வேண்டும். எதை ஆராய்வது என்று சொல்லும் உரிமை முதலாளிக்குக் கூடாது.

விவசாயச் சங்கமும் தொழிற்சங்கமும் இக்கோரிக்கையை ஏற்று எழுப்பட்டும். ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகை உயர்வுக்காக வீதிக்கு வந்த பிறகுதான் டில்லி அசைந்தது. தண்ணீர் நம்முடையது. கேள்வியையும் நாமே கேட்போம்!