அளக்காத ஊர்ல ஆள்தான் பலி

டிஸ்கி, முதல்லயே போட்டுடறேன்: இது லினக்ஸ், ஹார்ட் டிஸ்க், ரெய்டுன்னு போற பதிவு. அதுக்காகப் பின்வாசல் வழியா ஓடிடாதீங்க. உங்க வீட்டுப் பிள்ளையோ, மாப்பிள்ளையோ, தம்பியோ ஏதாவது ஒரு ஊர்ல சர்வர் ரூமுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நைட் ஷிஃப்ட் பாத்துக்கிட்டு இருப்பான். அவனுக்காக எழுதறது இது. புரியாத இடத்துல தண்ணி லாரி உதாரணம் வெச்சிருக்கேன், கவலை வேண்டாம்.

தில்லியில குப்பை கொட்ட ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு. இந்த ஊர்ல சர்வர் மெதுவாப் போனா நடக்கறது எப்பவும் ஒரே வரிசைதான். முதல்ல ரீஸ்டார்ட். அப்புறம் "ரேம் போடுங்க". அப்புறம் "லினக்ஸ்னாலே இப்படித்தான், ஓசியில வந்ததுக்கு இவ்வளவுதான்". கடைசியா நேரு பிளேஸ்ல இருந்து ஒரு கொட்டேஷன். இவ்வளவும் நடந்து முடியற வரைக்கும், அந்த டிஸ்க் ஒரு துண்டு எழுத எத்தனை மில்லிசெகண்ட் எடுத்துக்குதுன்னு ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. பாக்கறதுக்கான கருவி அந்தப் பொட்டிக்குள்ளயே, காலணா செலவில்லாம, இருக்கும்.

இதை சோம்பேறித்தனம்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். இப்ப அப்படி நினைக்கலை. இது அநியாயம். எண் இல்லாத இடத்துல பழி படிப்படியா கீழ இறங்கும். கடைசிப் படியில நிக்கறவன் தலைலதான் விழும். அதை நான் நேர்ல பாத்தேன். பாத்துக்கிட்டு சும்மாவும் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2012 ஜூன். அப்ப வேலை பார்த்த இடத்துல (பேர் வேண்டாம்) சம்பளக் கணக்கு, ஸ்டோர்ஸ் கணக்கு எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வர்ல ஓடிச்சு. நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தற நாலு டிஸ்க், ரெய்டு 5, முன்னால ஒரு ரெய்டு கார்டு. மே மாச சம்பளம் போடற வேலை வழக்கமா 40 நிமிஷம். அந்தத் தடவை ராத்திரி ஆரம்பிச்சது காலைல டீ வர்ற வரைக்கும் முடியலை. நானூறு பேருக்குச் சம்பளம் தள்ளிப் போச்சு. வாடகை, ஸ்கூல் ஃபீஸ்னு காத்துக்கிட்டு இருந்தவங்க கோபத்தைக் கேக்கணுமா?

அந்த சர்வரைப் பாத்துக்கிட்டவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கான்ட்ராக்ட் வேலை. தில்லிக்கு வந்து ஒண்ணரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஜூன் 1ஆம் தேதி அவன் கெர்னல் அப்டேட் போட்டிருந்தான். அது போதாதா? "மதராஸி லட்கே நே சர்வர் கராப் கர் தியா"ன்னு, அதாவது மதராஸிப் பையன் சர்வரைக் கெடுத்துட்டான்னு, பேச்சு கேன்டீன் வரைக்கும் வந்துடுச்சு. அவன் பழைய கெர்னலுக்கே திரும்பிப் போய்ப் பாத்தான். சரியாகலை. "அதையும் இவனுக்குச் சரியாப் பண்ணத் தெரியலை"ன்னாங்க.

மீட்டிங் போட்டாங்க. அங்க ஒரு பெரியவர் 'நிரூபணம்' ஒண்ணு காட்டினார். டிடி கட்டளைல 1 ஜிபி எழுதிக் காட்டினார். ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது. "பாருங்க, டிஸ்க் பறக்குது. தப்பு செட்டிங்ல" அப்படின்னார். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நானும்.

அந்த 1 ஜிபி டிஸ்குக்கே போகலைங்க! அந்தப் பொட்டில 32 ஜிபி ரேம். லினக்ஸ் எழுதச் சொன்னதை முதல்ல ரேம்ல வாங்கி வெச்சுக்கிட்டு "ஆச்சு"ன்னு சொல்லிடும், அப்புறமாத்தான் டிஸ்க்ல இறக்கும். டிடி கட்டளையோட கடைசில எஃப்டேட்டாசிங்க்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா, டிஸ்க்ல இறங்கின பிறகுதான் நேரம் சொல்லியிருக்கும். அப்படியும் அது ஒரே ஓட்டமா எழுதறதைத்தான் அளக்கும். சம்பளக் கணக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமா சின்னச் சின்னத் துண்டா எழுதற வேலை. அதை அளக்க எஃப்ஐஓன்னு தனிக் கருவி இருக்கு. எழுதினவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. லினக்ஸ் கெர்னல்ல டிஸ்க் போக்குவரத்தைக் கவனிக்கற பகுதியையே பராமரிக்கறவர். அவ்வளவு பெரிய ஆள் இலவசமாத் தராசு செஞ்சு குடுத்திருக்கார். நாம கைல தூக்கிப் பாத்து எடை சொல்லிக்கிட்டு இருந்தோம்.

ஜூன் 15ஆம் தேதியோட அந்தத் தம்பி கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலை. ஜிடி எக்ஸ்பிரஸ்ல ஏறி ஊருக்குப் போயிட்டான்.

சர்வர் என்னமோ அவனோட போகலை. அதே வேகத்துல நொண்டிக்கிட்டு இருந்தது. ரூ. 18 லட்சத்துக்குப் புது ஸ்டோரேஜ் வாங்கறதுன்னு முடிவாச்சு. விக்க வந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "இப்ப செகண்டுக்கு எத்தனை ரைட் போகுது?" அதுக்குப் பதில் எழுதத்தான் நான் முதல் தடவையா ஐஓஸ்டாட் போட்டேன். (நம்ம பசங்க அதை 'ஐயோஸ்டாட்'னுதான் சொல்லுவாங்க. பேர்லயே எல்லாம் இருக்கு!) எங்க ஆஃபீஸ்ல முதல் அளவு எடுத்ததே பொருள் வாங்கறதுக்குத்தான், நோயைக் கண்டுபிடிக்க இல்லை.

மூணு எண் வந்தது. செகண்டுக்கு 80 ரைட். வரிசைல சராசரியா 30 வேலை. ஒவ்வொண்ணும் காத்திருந்தது 380 மில்லிசெகண்ட்.

இப்ப தண்ணி லாரி. லாரி வந்திருக்கு, ஒரே குழாய். செகண்டுக்கு எத்தனை குடம் ரொம்புது, வரிசைல எத்தனை பேர், ஒருத்தர் எவ்வளவு நேரம் நிக்கறார், இந்த மூணுதான் அந்த மூணு எண். வரிசைல 30 பேர், செகண்டுக்கு 80 குடம்னா ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட 380 மில்லிசெகண்ட். கணக்கு கச்சிதம். சிபியு சும்மாக் கிடந்தும் லோட் ஆவரேஜ் 30ஐத் தாண்டினதும் இதனாலதான். லினக்ஸ் 1993லிருந்து டிஸ்குக்காகக் காத்து நிக்கறவங்களையும் அந்த எண்ல சேர்த்துத்தான் எண்ணுது. "லோட் ஏறிடுச்சு, சிபியு பத்தலை"ன்னு சொல்றவங்க பாதிப் பேருக்கு இது தெரியாது.

அந்த 80 எங்க இருந்து வந்தது? நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா செகண்டுக்கு 120. சராசரியா அரைச்சுத்து காத்திருக்கணும், அது 4 மில்லிசெகண்ட். தலை நகர்றதுக்கு ஒரு 8, 9. மொத்தம் 12, 13. ஆக ஒரு டிஸ்க் செகண்டுக்கு சுமார் 80 வேலை செய்யும். நாலு டிஸ்க் 320. ரெய்டு 5ல ஒரு சின்ன ரைட்டுக்கு நாலு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுசு ரெண்டையும் எழுது. 320ஐ 4ஆல வகுத்தா 80. ஆக, டிஸ்க் தன்னால முடிஞ்சதை ஒழுங்காத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தது. முன்னால இருக்கற ரெய்டு கார்டுதான் உதவி பண்றதை நிறுத்தியிருந்தது.

அந்தக் கார்டு பேங்க் கவுன்டர் மாதிரி. பணத்தை வாங்கி டிராயர்ல போட்டுட்டு உடனே ரசீது குடுத்தா வரிசை வேகமா நகரும். இது ரைட்பேக். ஒவ்வொரு தடவையும் லாக்கர் வரைக்கும் போய் வெச்சுட்டு வந்துதான் ரசீதுன்னா அது ரைட்த்ரூ. டிராயருக்குக் காவல் ஒரு சின்ன பேட்டரி. கரண்ட் போனாலும் டிராயர்ல இருக்கறதை ரெண்டு மூணு நாள் காப்பாத்தும். பேட்டரி செத்துப் போனா கார்டு தானாவே ரைட்த்ரூவுக்கு மாறிடும். அது சரியான நடத்தை. சொல்லாம மாறிடறதுதான் பிரச்சினை.

கார்டோட நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். பேட்டரி செத்தது மே 28. தம்பி கெர்னல் அப்டேட் போட்டதுக்கு நாலு நாள் முன்னால. அந்த வாரம் தில்லி வெயில்ல சர்வர் ரூம் ஏசி படுத்திருந்தது.

பேட்டரி விலை பத்தாயிரத்துக்குள்ள.

அதோட முடியலை. பேட்டரி வர ரெண்டு வாரம் ஆகும்னாங்க. "அதுவரைக்கும் பேட்டரி இல்லாமயே ரைட்பேக் போட்டுடலாம் சார், குச் நஹி ஹோகா" அப்படின்னார் சர்வீஸுக்கு வந்தவர். ஒண்ணும் ஆகாதாம். இந்த ஊர் ஜுகாட் வேதத்தோட முதல் மந்திரமே அதுதானே. அந்த ஒரு தடவை நான் முடியாதுன்னு உக்காந்துட்டேன். ஜூலை நடுவுல புது பேட்டரி போட்டாச்சு. ஜூலை 30 விடியக்காலை 2:33க்கு வடக்கு கிரிட் மொத்தமா விழுந்தது. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு மூணும் சேர்ந்து விழுந்து, நாட்டுல அறுபது கோடிப் பேருக்கு மேல கரண்ட் இல்லை, தில்லியில மெட்ரோ நின்னுச்சு. எங்க யூபிஎஸ் முதல் ராத்திரியே கையை விரிச்சுது. சர்வர் பொட்டுன்னு அணைஞ்சுது. கரண்ட் வந்ததும் டிராயர்ல இருந்தது பத்திரமா லாக்கருக்குப் போச்சு. ஜுகாட் பண்ணியிருந்தா? சம்பளம் லேட்டாகறது இல்லை, கணக்கே காணாமப் போயிருக்கும்.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப எஸ்எஸ்டி, கிளவுட் எல்லாம் வந்தாச்சே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எஸ்எஸ்டில சுத்தறதும் இல்லை, தலை நகர்றதும் இல்லை, வாஸ்தவம். ஆனா 2019 நவம்பர்ல ஹெச்பிஈ நிறுவனம் ஒரு அறிவிப்பு விட்டது: தங்களோட சில எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காட்டி, 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும், டேட்டா திரும்ப வராதுன்னு. 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாள் வாங்கி ஒரே ரெய்டுல போட்டதெல்லாம் ஒண்ணாப் போகும். எத்தனை மணி ஓடியிருக்குன்னு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை ஒரே வரில சொல்லும். கேக்கற ஆள் வேணும்.

கிளவுடும் அப்படித்தான். அமேசான்ல ஜிபி2ன்னு ஒரு டிஸ்க் வகை. 100 ஜிபி வாங்கினா நிரந்தரமாக் கிடைக்கறது செகண்டுக்கு 300 வேலைதான். சேமிச்ச கிரெடிட் இருக்கற வரைக்கும் 3,000 வரைக்கும் பறக்கும். தீர்ந்ததும் 300க்கு விழும். காலைல நல்லாத்தானே ஓடிச்சுன்னு டெவலப்பர் தலைல கை வெப்பாங்க. பேட்டரிக் கதையேதான், சட்டை மட்டும் வேற.

"எஞ்சினியர் நேரம் டிஸ்கை விட விலை ஜாஸ்தி, வாங்கிப் போட்டுட்டுப் போகலாமே"ன்னு அமெரிக்காவுல இருக்கற நண்பர் ஒருத்தர் சொல்லுவார். வாங்குங்க, வேண்டாங்கலை. அளந்து பாத்துட்டு வாங்குங்க. நான் அன்னிக்குச் செலவழிச்சது இருபது நிமிஷம். அதை ஜூன் 5ஆம் தேதியே செலவழிச்சிருந்தா ஒரு பையன் வேலை போயிருக்காது.

சரி, திட்டினது போதும். சர்வர் பாக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு நாலு விஷயம்:

1. சிஸ்ஸ்டாட் தொகுப்பைப் போட்டு, சார் பதிவை இன்னிக்கே ஆன் பண்ணுங்க. டெபியன், உபுண்டுல போட்டா மட்டும் பத்தாது, பதிவு ஓடுதான்னு பாத்துக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா எழுதி வெக்கும். "என்னிக்கு, எத்தனை மணிக்கு மாறிச்சு"ங்கற கேள்விக்கு அதுதான் சாட்சி. எங்ககிட்ட அது இருந்திருந்தா மீட்டிங்கே தேவைப்பட்டிருக்காது.

2. ஃப்ரீ கட்டளைல 'ஃப்ரீ' கம்மியா இருக்குன்னு பதறாதீங்க. மீதி ரேமை லினக்ஸ் கேஷுக்கு வெச்சிருக்கு. 2014லிருந்து 'அவைலபிள்'னு தனி எண் வருது, அதைப் பாருங்க. மணிக்கொரு தடவை கேஷைக் காலி பண்ற கிரான் வேலை போட்டிருந்தா தயவுசெஞ்சு தூக்குங்க. அது அரைச்ச மாவை வழிச்சுக் கொட்டிட்டு மறுபடி ஊறப் போடறது.

3. டிஸ்க் 100 சதவீதம் பிஸின்னு ஐஓஸ்டாட் சொன்னா அது ரொம்பிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பல வேலையை ஒரே நேரத்துல பாக்கற ரெய்டு, எஸ்எஸ்டிக்கு அந்த எண் ஏமாத்தும். அந்தக் கட்டளையோட கையேட்டுலயே எழுதியிருக்கு. காத்திருக்கற நேரத்தைப் பாருங்க.

4. நீங்க ஏதாவது மாத்தறதுக்கு முன்னால ஒரு அளவு, மாத்தினதுக்கு அப்புறம் ஒரு அளவு. ரெண்டையும் தேதியோட மெயில்ல போட்டு வைங்க. சர்வருக்காக இல்லை, உங்களுக்காக.

அன்னிக்கு சாயங்காலமே அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, இதை ஒரு மெயில்ல எழுதி அனுப்புவீங்களா? அப்பாகிட்ட காட்டணும். நான் என்னமோ கெடுத்துட்டுதான் வந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு" அப்படின்னான்.

அனுப்பினேன். கார்டோட பதிவையும் சேர்த்து, மே 28 வரிக்கு அடில கோடு போட்டு, அவங்க அப்பாவுக்குப் புரியற மாதிரி தமிழ்ல. ஆஃபீஸ்ல இருந்து அவனுக்கு ஒரு வரிகூடப் போகலை. அந்த மீட்டிங்ல தலையாட்டினவன் எழுதின மெயில்தான் அவன்கிட்ட இருக்கற ஒரே சான்றிதழ்.

சாரை ஆன் பண்ணிட்டீங்களா?