பொதுக் குழாயும் சொந்தக் குழாயும்

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வாழ்க்கையை அறிந்தோர்க்குப் பொதுக் குழாயடியை நினைவூட்ட வேண்டியதில்லை. பொழுது புலருமுன்பே வாளிகள் வரிசையில் நிற்கும். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருத்தி தன் வாளியை முன்னே நகர்த்துவாள். மற்றொருத்தி குரலை உயர்த்துவாள். தோட்டத்திற்குத் தண்ணீர் வந்தது உண்மையே. ஆயினும் வரிசையின் கடைசியில் நின்றவளுக்கு அது நூலாய் ஒழுகியே வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டில் புதிதாக இயற்றப்பட்டு, குழாய் நீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று அதில் எழுதப்பட்டது. வீட்டுக்கொரு குழாய் என்பது அத்தனை எளிதாகக் கிட்டிவிட்ட ஒன்றன்று.

அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் கூலிமிலும் லூனாசிலும் வரிசை வீடுகள் வாங்கிக் குடியேறிவிட்டனர். வீட்டில் மூன்று அறைகள். சமையற்கட்டில் ஒரு குழாய், குளியலறையில் ஒரு குழாய். ஆனால், இணையம் என்று வரும்போது மட்டும் அவர்கள் மீண்டும் பொதுக் குழாயடிக்கே போய் நிற்கிறார்கள். அதைத் தாம் உணரவும் இல்லை என்பதுதான் வேதனை.

வைஃபை என்று அனைவரும் சொல்லும் கம்பியில்லா இணையம் ஒரு வானொலி அலையே அன்றி வேறன்று. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச இயலும். மற்றவை வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி ஒன்று, கைப்பேசிகள் நான்கு, பிள்ளையின் கணினி ஒன்று என்றால் வரிசையில் ஆறு வாளிகள். அதோடு முடிந்ததா? பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரே சுவரைப் பகிரும் இருபது வீடுகள் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை பலகையின் இடுக்கு வழியே கேட்டதைப் போல, இன்று பக்கத்து வீட்டுத் திரைப்படம் இந்த வீட்டுப் பாடத்தின்மேல் வந்து விழுகிறது. புதிய 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் தடங்கள் மிகுதி. ஆயினும் செங்கற்சுவர் இரண்டைக் கடப்பதற்குள் அது களைத்துவிடும்.

இதற்கு மாறாக, சுவருக்குள் செல்லும் ஒரு கேபிளை எண்ணிப் பாருங்கள். எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட நான்கு இணைகள். இத்தகைய கேபிளில் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் தூரம் வரை கொண்டுசெல்லும் முறை 1999ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் 100 மீட்டர் நீளமுள்ள வீடு ஏது? அந்தப் பாதையில் வேறெவரும் நுழைய முடியாது. போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். அது சமையற்கட்டிலுள்ள சொந்தக் குழாய்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் பள்ளி என்பது வீட்டுக்குள் வந்தது. சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு தேடி மரத்தின்மேல் ஏறித் தங்கிய செய்தியை நாடே படித்து வியந்தது. தோட்டப்புறங்களில் மரமேறியும் பயனில்லாத பிள்ளைகள் இருந்தனர். அப்பன் வேலை முடிந்து வரும்வரை கைப்பேசிக்குக் காத்திருந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களின் துயரம் வறுமையினால் வந்தது. அதைக் கேபிளால் தீர்க்க முடியாது. ஆனால், நகரத்து வரிசை வீட்டில், வாசல்வரை கண்ணாடி இழை வந்து, மாதந்தோறும் கட்டணமும் தவறாது கட்டி, கடைசி அறையில் இருந்த மகளின் முகம் திரையில் உறைந்து நின்றதே, அதற்கு யார் பொறுப்பு? வாசலுக்கும் அந்த அறைக்கும் இடையே இருந்தவை பத்து மீட்டரும் இரண்டு சுவர்களும்தாம்.

“இந்தக் காலத்தில் கம்பியா? எல்லாம் காற்றிலே போகிறதே” என்பார் உளர். காற்றில் போவது நிலையானதா என்று அவர்கள் எண்ணியதில்லை. 3ஜி என்று கொண்டாடி வாங்கிய சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு இந்நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. சுவருக்குள் ஒழுங்காகப் புதைத்த செப்புக் கேபிளோ, வெளியே கருவிகள் எத்தனை முறை மாறினாலும் உள்ளே கிடந்து உழைக்கும். “கைப்பேசியில் கேபிள் செருக முடியாதே” என்பது அடுத்த வாதம். மெய்தான். தொலைக்காட்சியையும் கணினியையும் கேபிளுக்கு மாற்றிவிட்டால் காற்றில் இருந்த கூட்டம் குறைந்து கைப்பேசிக்கும் வழி விடும் என்பதை இவ்வாதத்தினர் காண்பதில்லை. கடைகளில் விற்கும் வைஃபை பெருக்கியை வாங்கி நடுவில் மாட்டுவோரும் உண்டு. முன்னறையிலிருந்து கேட்டதை அது பின்னறைக்குத் திருப்பிச் சொல்லும். ஒரே அலையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் மலிவான கருவிகளில் வேகம் பாதியாகும். பின்னறையில் ஒரு சாக்கெட் இருந்தால், அதில் இரண்டாவது வைஃபைக் கருவியை முழு வலுவோடு இயக்கலாம்.

வேலை செய்வோரையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மின்சாரக் கம்பி போகும் அதே குழாய்க்குள் இணையக் கேபிளையும் திணித்துவிட்டு “எல்லாம் ஒன்றுதான், அண்ணே” என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றன்று. இரைச்சல் ஒருபுறமிருக்க, உறை கிழிந்தால் உயிருக்கே கேடு. அலுமினியத்தின்மேல் செப்பு முலாம் பூசிய கேபிளைச் செப்புக் கேபிள் என்று சொல்லித் தலையில் கட்டுவோரும் உளர். அது எளிதில் முறியும், தடையும் கூடுதல். சாக்கெட்டில் பொருத்தும்போது முறுக்கை அரை அங்குலத்திற்குமேல் பிரிக்கலாகாது. பிரித்தால் முறுக்கியதன் பயனே போயிற்று. வீட்டுக்கு வீடு வெளியே செப்புக் கேபிள் இழுத்து இணையத்தைப் பங்கிடும் வழக்கமும் தலைகாட்டுகிறது. குனோங் ஜெராய் அடிவாரத்தில் மாலை இடியைக் கண்டவர்கள் இதைச் செய்யத் துணிவது வியப்பே.

இனிக் குற்றத்தின் பெரும்பங்கு யாருடையது என்று பார்ப்போம். தீபாவளிக்கு முன் நம் வீடுகளில் நடக்கும் செலவு சிறிதன்று. கூரையடியில் பூவேலைத் தட்டுப் பலகை, வாசலுக்குப் புதிய இரும்புக் கதவு, கூடத்திற்குச் சோபா, சுவரெங்கும் வர்ணம். குளிர்சாதனத்திற்காகச் சுவரை வெட்டும் அதே நாளில் பக்கத்தில் ஒரு பி.வி.சி. குழாயையும் புதைத்துவிடலாம். சுவர் திறந்திருக்கும்போது அது அற்பச் செலவு. வர்ணம் பூசியபின் அதுவே பெருஞ்செலவு. இதைப் பிள்ளைக்காகக் கேட்கும் தந்தையர் எத்தனை பேர்?

வீடு கட்டி விற்போரும் தப்ப முடியாது. ஒரு மலிவு வீட்டின் அறையில் மின் சாக்கெட் இல்லையென்றால் வாங்குபவர் கூச்சலிடுவார். இணையச் சாக்கெட் இல்லாததை எவரும் கேட்பதில்லை, ஆகவே அவர் வைப்பதுமில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் 2024ஆம் ஆண்டு ஒரு ஜெர்மானிய நிறுவனம் மாபெரும் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்தது. உலகத்தின் மின்னணுக் கருவிகளுக்கு உறுப்புகள் அங்கிருந்து போகின்றன. அந்தப் பூங்காவிற்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நம் பெண்களின் வீடுகளிலோ கூடத்து மூலையில் ஒரே ஒரு கருவி கண்சிமிட்டுகிறது. அதைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

தோட்டங்களுக்குள் எல்லா இடங்களிலும் கண்ணாடி இழை வந்து சேரவில்லை. 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம் அதை விரிவாக்குவதற்கென்றே வந்தது. வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்குள் ஒன்றும் செய்யாதிருப்பது, குழாய் நீர் வருமுன் தொட்டி கட்டாதிருந்த கதையாகும். முன்னாள் தோட்டத் தொழிலாளர்க்கு வீடு கட்டித் தரும் திட்டங்களின் வரைபடங்கள் இனி எங்கேனும் மேசைமேல் விரிக்கப்படுமாயின், அங்கே அமரும் நம் தலைவர்கள் படுக்கையறைக்கு ஒன்று, கூடத்திற்கு இரண்டு என இணையச் சாக்கெட்டுகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று விரலை வைத்துக் கேட்கட்டும். குறிக்கப்படவில்லையென்றால் கையொப்பமிடாமல் வரைபடத்தைத் திருப்பி அனுப்பட்டும்.