‘லேய்’ என்றால் மரியாதையாம்!

இத்தாலி மொழியில் எதிரில் இருக்கும் ஒரு ஆளைக் கூப்பிட இரண்டு சொல் உண்டு. ஒன்று ‘தூ’. இன்னொன்று ‘லேய்’. ‘தூ’ என்றால் நீ. ‘லேய்’ என்றால் நீங்கள். கிராம்ஷியை மூலத்திலேயே வாசித்துவிட வேண்டும் என்கிற ஆசையில் ஃப்ளாரன்ஸ் நகரத்து மொழிப் பள்ளி ஒன்றில் நான்கு வாரம் படிக்கப் போயிருந்தேன். முதல் நாள் பாடமே இதுதான். வீட்டார், சிநேகிதர், சின்னப் பிள்ளைகளுக்கு ‘தூ’. முன்பின் தெரியாதவர், வயதில் மூத்தவர், கடைக்காரர், டாக்டர் என்றால் ‘லேய்’. ‘லேய்’ மரியாதைச் சொல் என்று டீச்சர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியும் போனது.

ஏன் என்று திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க ஊரில் ‘லேய்’, ‘ஏலே’ எல்லாம் சோட்டாளிகளுக்குள்ளே பிரியமான சொல். அதே சொல் ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கு வரும்போது செருப்படியாக வந்து விழும். ‘ஏலே, இங்க வா’ என்று எங்க அப்பாவைப் பத்து வயசுப் பயல் கூப்பிட, தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘என்னங்கய்யா’ என்று அவர் போய் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகத்தில் மூத்தோரை மரியாதைப் பன்மையில் அழைக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. ‘சேரியில் உள்ள மூத்தோர் நீங்கலாக’ என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. போடாமலேயே ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

ஃப்ளாரன்ஸில் மட்டும் வேறு மாதிரியா என்ன? சாயங்காலம் வகுப்பு முடிந்து சான் லொரென்சோ சந்தைப் பக்கம் நடப்பேன். தோல் பை விற்கிற கடைக்காரர் ஜெர்மனியிலிருந்து வந்த டூரிஸ்டை ‘லேய்’ என்கிறார். அதே வாயால், தலை நரைத்த ஆப்பிரிக்கத் தெரு வியாபாரியை ‘தூ’ என்கிறார். வகுப்புக்குள் எனக்கு ‘லேய்’ கிடைத்தது. கையில் புத்தகப் பை இல்லாமல் தெருவில் போனால் எனக்கும் ‘தூ’தான். நம்ம காதுக்கு அது துப்புகிற சத்தமாகவே கேட்கிறது. குடியேறிகளை வயது பாராமல் ‘தூ’ போட்டுப் பேசுகிற வழக்கத்தைப் பற்றி அங்குள்ள மொழியியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் அது இல்லை.

இது வெறும் சொல் விவகாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 13ஆம் தேதி இதே நகரத்தில், தல்மாசியா சதுக்கத்தில், சாம்ப் மொது, தியோப் மோர் என்கிற இரண்டு செனகல் தெரு வியாபாரிகளைத் தீவிர வலதுசாரி ஒருவன் சுட்டுக் கொன்றான். அன்றைக்கே சான் லொரென்சோ சந்தையிலும் வந்து சுட்டான். ‘தூ’ போடுகிற எல்லாரும் துப்பாக்கி தூக்குவதில்லை. ஆனால் யாரைச் சுட்டால் ஊர் பதறாது என்று துப்பாக்கி தூக்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்கை அன்றாடப் பேச்சுதான் போட்டு வைக்கிறது. பாசிஸ்டுகளுக்கும் இந்தச் சொற்களின் வலிமை தெரிந்தே இருந்தது. 1938இல் ‘லேய்’ கூடாது, ‘வோய்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று முசோலினி ஆட்சி பிரச்சாரமும் உத்தரவுமாக இறங்கியது. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது அரசியல் இல்லையென்றால் ஒரு சர்வாதிகாரிக்கு அதில் என்ன வேலை?

‘சுத்தமான இத்தாலி மொழி படிக்க ஃப்ளாரன்ஸுக்கு வாருங்கள்’ என்கிற தோரணையில்தான் மொழிப் பள்ளிகள் ஆள் சேர்க்கின்றன. சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உஷார் வர வேண்டாமா? 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது இந்த மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு. பத்துப் பேர் இருக்கலாம் என்பாரும் உண்டு. மற்றவர்கள் எல்லாம் ஊமைகளா? அவரவர் மொழியைப் பேசினார்கள். பணமும் வங்கியும் தாந்தே போன்ற கவிகளும் இருந்த ஒரு நகரத்தின் பேச்சு எழுத்து மொழியாகி, பிறகு தேசத்தின் மொழியாக்கப்பட்டது. மற்ற எல்லாம் ‘வட்டார வழக்கு’ என்று கீழே இறக்கப்பட்டன. 1583இல் இந்த நகரத்தில் தொடங்கிய மொழிக் கழகத்தின் பெயர் க்ரூஸ்கா. தவிடு என்று அர்த்தம். அதன் சின்னம் மாவு சலிக்கிற பொறி. நல்ல சொல் மாவு, மற்றது தவிடு. மிலான்காரரான நாவலாசிரியர் மன்சோனி தன் நாவலின் மொழியைத் திருத்த இங்கே வந்ததை, ஆர்னோ ஆற்றில் துணி அலச வந்தார் என்றே சொல்வார்கள். இலக்கியத்தில் துணி அலசினால் புகழ். ஆற்றில் நிஜமாகவே துணி அலசியவர்களின் பேச்சை மாவில் சேர்த்தார்களா, தவிட்டில் சேர்த்தார்களா?

இதையெல்லாம் உள்ளேயிருந்து அறிந்தவர் கிராம்ஷி. 1891இல் சார்தீனியாத் தீவில் பிறந்து, உதவித்தொகையில் டூரின் போய் மொழியியல் படித்தவர். 1926இல் கைதானவர், சிறையில் எழுதிய கடைசிக் குறிப்பேட்டை இலக்கணத்துக்கே ஒதுக்கினார். மொழிப் பிரச்சினை தலைதூக்கினால் அதன் அடியில் ஆளும் வர்க்கம் தன் மேலாண்மையைத் திரும்பக் கட்டுகிற வேலை நடக்கிறது என்று பார்த்தார். 1927இல் சிறையிலிருந்து தங்கைக்கு எழுதியபோது, குழந்தை சார்தீனிய மொழி பேசட்டும், தடுக்காதே என்றார். அதே மனுஷன், உள்ளூர் மொழி மட்டுமே தெரிந்தவனின் உலகம் குறுகிப்போகும், பொது மொழி ஏழைக்கும் வேண்டும் என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

ஃப்ளாரன்ஸுக்கு வடக்கே மலையில் பர்பியானா என்றொரு குக்கிராமம். 1954இல் அங்கே அனுப்பப்பட்ட பாதிரியார் லொரென்சோ மிலானி, அரசுப் பள்ளிகள் ஃபெயிலாக்கித் துரத்திய குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பையன்கள் சேர்ந்து எழுதிய ‘ஒரு ஆசிரியைக்குக் கடிதம்’ 1967இல் வெளிவந்தது. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிற சுவர் மொழிதான் என்று அடித்துச் சொன்ன புத்தகம் அது. பிற தேசத்து மொழிகளையும் அவர்கள் படித்தார்கள். வெளிநாடு போய் வேலை செய்துகொண்டே பேசிப் பழகினார்கள். மொழி படிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது.

இன்றைக்கு அந்த இடத்தில் குடியேறிகள் நிற்கிறார்கள். நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி வேண்டுமென்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும் என்பது 2010 முதல் நடைமுறை. குடியுரிமைக்கு அதைவிடக் கூடுதல் தகுதி வேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. என் வகுப்பில் ஓவியம் பார்க்க வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒயின் பிரியர்கள் இருந்தார்கள். எங்கள் பள்ளியைப் பெருக்கித் துடைத்த பெண் எந்த வகுப்பிலும் இல்லை.

நமக்கும் இத்தாலிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. வீரமாமுனிவர் என்று நாம் சொல்கிற பெஸ்கி இத்தாலிக்காரர். பாதிரியார்களுக்காக லத்தீனில் செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணம் என்று தனித்தனியாக எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்கிற பிரிவினை அவர் கொண்டுவந்ததல்ல. அது இந்த மண்ணின் சரக்கு. க்ரூஸ்காவின் சல்லடை இங்கே முன்னமே இருந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ சேரிப் பேச்சோடு வந்தபோது ‘இதெல்லாம் தமிழா’ என்று மூக்கைப் பொத்தியவர்கள் கையில் இருந்ததும் அதே சல்லடைதான்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, மொழிகளைப் படியுங்கள். இங்கிலீஷைப் படியுங்கள், கிடைத்தால் இத்தாலி மொழியையும் படியுங்கள். நம்ம இரவுப் பாடசாலைகளில் இலக்கணத்தை ஒதுக்காமல் நடத்துங்கள். விதி தெரியாதவனை அந்த விதியை வைத்தே அடிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும் அதில் எழுதாமல் விட்ட விதிவிலக்கு யார் என்று கேட்கப் பழகுங்கள். மரியாதைப் பன்மை பாடம் நடக்கிற அன்றைக்கு நம்ம பிள்ளை ஒன்று எழுந்து நின்று கேட்கட்டும்: ‘சார், எங்க தாத்தாவுக்கும் இது உண்டா?’