கைப்பேசி தரும் மதிப்பெண் நோய்க்கணிப்பு ஆகாது

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் மட்டுமே வாழும் வீடுகள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் ஏராளம். அந்தக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஞாபகசக்தியைச் சோதிப்பதாகச் சொல்லும் செயலிகளும் இப்போது வலம் வருகின்றன. “அப்பா, ஒரு தடவை போட்டுப் பாருங்கோ” என்று கடல் கடந்து வரும் அக்கறையில் குற்றமில்லை. கடைசியில் திரையில் தோன்றும் மதிப்பெண்தான் கவலை தருகிறது.

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துத் தொழில் நடக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 16 அல்சைமர் சோதனைகளை கனடா ஆய்வாளர்கள் 2013-இல் பரிசீலித்தபோது, 12 சோதனைகள் அறிவியல் தரத்தில் மோசம் என்று தெரிந்தது. தனியுரிமை, ஒப்புதல் போன்ற அறநெறிகளில் பதினாறுமே தேறவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் மறதிநோயைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கண்புரை உள்ளவருக்குத் திரை மங்கலாகத் தெரியும். காது மந்தமானவருக்குச் சொல்லும் வார்த்தை விழாது. தொடுதிரையே பழகாத விரல் தடுமாறும். செயலி அதையும் மூளையின் தாமதமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். சைவ உணவுக்காரர்கள் நிறைந்த மயிலாப்பூர் போன்ற பகுதியில் பி12 குறைபாட்டைத் தனியாகவே சொல்ல வேண்டும். இவற்றில் பலவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடித்துச் சரிசெய்யலாம். அதைச் செய்யாமல், “எனக்கு மூளை போய்க்கொண்டிருக்கிறது” என்று ஒரு பாட்டி தனியறையில் முடிவுகட்டிக்கொள்வது எவ்வளவு கொடுமை!

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. நன்கு படித்து, ஆயுள் முழுக்க எண்களோடு புழங்கிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நோய் தொடங்கிய பிறகும் எளிய சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். பென்ஷன் கணக்கில் குளறுபடி, பழகிய தெருவில் வழி தவறுவது என வீட்டார் கண்ணெதிரே நடப்பதையெல்லாம் அந்த மதிப்பெண் மூடிவிடும். மருத்துவரைப் பார்க்காமலே ஆண்டுகள் கழியும்.

படிப்பும் மொழியும் குறுக்கே வராமல் முதியோரைச் சோதிப்பது முடியாத காரியமில்லை. அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை பங்கேற்ற டிமென்ஷியா குறித்த ‘10/66’ பன்னாட்டு ஆய்வு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் மனத்தில் வைத்தே தன் சோதனைகளை அமைத்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னர் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில்தான் முதலில் வந்தது. தமிழ் விடுபட்டது பெரும் குறை.

சட்டம் இல்லாமல் இல்லை. நோயறியப் பயன்படும் மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவியாகவே கருதப்படுகிறது. ‘பொழுதுபோக்குக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு நோயின் பெயரால் ஆள் சேர்க்கும் செயலிகளை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏன் விட்டுவைக்க வேண்டும்? 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கென்று தனிக் காப்பு எதுவும் வைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழக அரசின் பொறுப்பும் பெரிது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறது. தமிழில் சரிபார்த்த ஞாபகப் பரிசோதனையையும் அதில் சேர்க்க வேண்டும். சந்தேகம் எழுந்தவர்களை அனுப்ப, 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை கிண்டியில் இருக்கிறது. அப்படியொரு பரிசோதனை வரும்வரை பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: பெற்றோருக்குச் செயலியின் இணைப்பை அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுங்கள். கூடப் போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.