பணத்தால் வாங்கிய வெற்றி எவ்வளவு?



2023 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணி, ஷோஹெய் ஓதானி என்ற ஜப்பானிய ஆட்டக்காரருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர்! அடுத்த டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி, ஹுவான் சோட்டோ என்பவருக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர முன்வந்தது. டாட்ஜர்ஸ் அணி 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து கோப்பையை வென்றது. 'பணக்கார அணிகள் வெற்றியை விலைக்கு வாங்குகின்றன. ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற உரிமையே இந்தக் கேட்டுக்குக் காரணம்' என்று அங்கே பலர் குறை கூறுகிறார்கள்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் குற்றச்சாட்டில் அளந்து பார்க்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. அளக்கக்கூடியதை அளக்காமல் வாதாடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அளக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. அதுதான் நியாயம் பற்றியது. இரண்டையும் கலந்து குழப்புவதால்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கப் பேஸ்பாலின் உயர்மட்டத்தில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பெரும்பாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவருக்கு வெற்றி, மற்றவருக்குத் தோல்வி. சமன் என்ற பேச்சு அநேகமாக இல்லை. 2022 முதல் முன்னணியிலுள்ள 12 அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்கின்றன. கடைசியாக நடக்கும் 'வேர்ல்டு சீரிஸ்' போட்டியில் எந்த அணி முதலில் 4 ஆட்டங்களை வெல்கிறதோ, அதற்குக் கோப்பை.

இப்போது சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1879-ஆம் ஆண்டிலேயே அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மற்ற அணிகள் அவர்களை அழைக்கக்கூடாது. நாளடைவில் இது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் விரிந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே உரியவர். அணி அவரை வேறோர் அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அவராகப் போக முடியாது. இதற்கு 'ரிசர்வ்' விதி என்று பெயர். உரிமையாளர்கள் இதற்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'ஆட்டக்காரர்களை அவிழ்த்துவிட்டால் நல்லவர்கள் எல்லாரும் பணக்கார அணிக்கே ஓடிவிடுவார்கள். போட்டியில் சமநிலை கெட்டுவிடும்' என்பதுதான். இன்று கேட்கும் அதே குரல்!

இந்த விதி நடைமுறையில் இருந்தபோது சமநிலை எப்படி இருந்தது? 1947 முதல் 1964 வரையுள்ள 18 ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் அணி 15 முறை தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அவற்றுள் 10 முறை கோப்பையையும் வென்றது. 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை அவர்களிடமே இருந்தது. ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்டுக் காத்த சமநிலை இவ்வளவுதான்.

இது ஏன் என்பதை 1956-இல் சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலறிஞர் விளக்கினார். திறமையான ஆட்டக்காரர் எந்த அணிக்கு மிகுந்த வருவாயை ஈட்டித் தருவாரோ, அங்கேதான் கடைசியில் போய்ச் சேருவார். அவர் சுதந்திரமானவராக இருந்தால் தாமே போவார்; கட்டுண்டவராக இருந்தால் சிறிய அணி அவரைப் பெரிய அணிக்கு விற்றுவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் எந்த வாய்க்கால் வழியாகவும் வந்து சேருவது போலத்தான். வேறுபாடு ஒன்றே: அந்தப் பணம் யாருடைய பையில் விழுகிறது? 1919 டிசம்பரில் பாஸ்டன் அணியின் உரிமையாளர், பேப் ரூத் என்னும் ஒப்பற்ற ஆட்டக்காரரை 1,00,000 டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். ரிசர்வ் விதி முழு வலிமையோடு இருந்த காலம் அது. விலை உரிமையாளருக்குப் போயிற்று. பாஸ்டன் மீண்டும் கோப்பையைத் தொட 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த விதியை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர். 12 ஆண்டுகள் செயின்ட் லூயிஸ் அணிக்கு ஆடிய அவரை, 1969-இல் கேட்காமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். தாம் வாங்கி விற்கும் பொருள் அல்லர் என்று ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு, அவர் வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வு அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் 1975 டிசம்பர் 23 அன்று பீட்டர் சைட்ஸ் என்ற சமரச நடுவர், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மக்நாலி ஆகிய இருவரும் ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திரமானவர்களே என்று தீர்ப்பு வழங்கினார். ஆறு ஆண்டுகள் ஆடியவர் விரும்பிய அணியோடு பேசலாம் என்ற ஏற்பாடு அதைத் தொடர்ந்து 1976-இல் வந்தது. இப்படி விடுபட்டவரை அங்கே 'பிரீ ஏஜென்ட்' என்பார்கள். 1975-இல் சுமார் 45,000 டாலராக இருந்த சராசரி ஆண்டு ஊதியம் 1980-இல் 1,40,000 டாலரைத் தாண்டியது. அதுவரை அந்த வேறுபாடு யாரிடம் தங்கியிருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சமநிலை அழிந்ததா? 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றன. ஒன்றுகூட இரண்டாம் முறை வெல்லவில்லை.

'பார்த்தீர்களா, சுதந்திரம் சமநிலையைக் கொண்டுவந்துவிட்டது!' என்று நான் இங்கே முடித்துவிட்டால் நீங்கள் கைதட்டக்கூடும். ஆனால் அது நேர்மையான அறிவியல் ஆகாது. 1965-லேயே புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில், பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தரும் முறை வந்துவிட்டது. அதன் பயனும் இதில் கலந்திருக்கலாம். மேலும், 1969-க்கு முன் பிரிவில் முதலிடம் பெற்ற அணி நேரே இறுதிப் போட்டிக்குச் சென்றது. பின்னர் இடையில் சுற்றுகள் சேர்க்கப்பட்டன. ஒரு சோதனையில் ஒரே சமயத்தில் மூன்று திருகுகளைத் திருப்பிவிட்டு, எந்தத் திருகினால் முள் நகர்ந்தது என்று சொல்ல முடியுமா? எங்கள் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. எனவே நான் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவே: ஆட்டக்காரர்களின் சுதந்திரம் சமநிலையை அழித்தது என்பதற்குச் சான்று இல்லை. அழிப்பதற்கு அங்கே சமநிலையே இருக்கவில்லை.

கோப்பைகளை எண்ணுவது ஏன் நம்பத்தகாத அளவுகோல் என்பதையும் பார்க்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு பலமான அணி, எந்த எதிரியையும் 100-க்கு 55 முறை வெல்லக்கூடியது என்று கொள்வோம். பேஸ்பாலில் இது கணிசமான மேன்மை. முதல் சுற்றில் விலக்கு பெற்ற அந்த அணி, பின்னர் ஐந்து ஆட்டத் தொடர் ஒன்றையும் ஏழு ஆட்டத் தொடர்கள் இரண்டையும் வென்றாக வேண்டும். ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் நிகழ்தகவு 0.59, ஏழு ஆட்டத் தொடருக்கு 0.61. மூன்றையும் பெருக்கினால் 0.22 வருகிறது. மற்ற எல்லா அணிகளையும்விடச் சிறந்த அணிகூட ஐந்தில் நான்கு முறை வெறுங்கையோடு வீடு திரும்பும் என்று பொருள்! கோப்பை என்பது, முள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தராசு. டாட்ஜர்ஸின் இரண்டு கோப்பைகளைக் கொண்டு 'எல்லாம் போயிற்று' என்பதும், 2001 முதல் 2023 வரை எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லையே என்று அமைதி அடைவதும் ஒரே வகைத் தவறுதான்.

நல்ல தராசு எது? 162 ஆட்டங்களின் பட்டியல். எல்லா அணிகளும் முற்றிலும் சமபலம் உடையவை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவதற்கு ஒப்பாகும். சராசரி வெற்றி 81. திட்ட விலக்கம், 162-ஐ நான்கால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 6.4 வெற்றிகள். அதாவது, நாணயங்களே ஆடினாலும் 30 அணிகளில் முதலாவதாக வருவது 94 வெற்றிகள் பெற்றிருக்கும். கடைசி அணி 68-இல் நிற்கும். முதல் அணியின் பயிற்சியாளரைப் பத்திரிகைகள் மேதை என்று எழுதும்!

உண்மையான பருவங்களில் இந்த விலக்கம் பெரும்பாலும் 11 அல்லது 12 அளவில் இருக்கிறது. சில ஆண்டுகளில் இன்னும் கூடுதல். 11.5 என்று எடுத்து வர்க்கங்களைக் கழித்துப் பாருங்கள். தற்செயல் போக, திறமை வேறுபாட்டுக்கு உரியது சுமார் 9.6. ஆகவே அணிகளிடையே உண்மையான ஏற்றத்தாழ்வு உண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திறமை முழுவதும் பணத்தால் வந்ததா? 2023-இல் அதுவரை எந்த அணியும் செலவழிக்காத தொகையை ஊதியமாகக் கொடுத்த மெட்ஸ், 75 ஆட்டங்களை வென்று 87-இல் தோற்றது. சோட்டோவும் வந்து சேர்ந்த பிறகு, 2025-இல் 83 வெற்றிகளோடு இறுதிச் சுற்றுக்கு வெளியே நின்றது. 2002-இல் ஓக்லாந்து அணியும் யாங்கீஸும் தலா 103 ஆட்டங்களை வென்றன. ஓக்லாந்தின் ஊதியச் செலவு யாங்கீஸின் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவே.

ஓக்லாந்தின் கதையை ஏழை அணியின் அறிவுத்திறன் என்று எல்லாரும் புகழ்கிறார்கள், திரைப்படமும் வந்தது. நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன். அந்த அணியின் தலைசிறந்த பந்தெறிவாளர்கள் மூவரும் ஆறு ஆண்டுக் கட்டுக்குள் இருந்த இளைஞர்கள். அவர்கள் மலிவாகக் கிடைத்ததற்கு அந்தக் கட்டும் ஒரு காரணம். அவர்களுள் ஒருவரான பேரி சீட்டோ 2006 இறுதியில் விடுபட்டபோது, சான் பிரான்சிஸ்கோ அணி 7 ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் கொடுத்தது. அங்கே அவர் பழையபடி சிறக்கவில்லை. சந்தையில் அணிகள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குவது கடந்த காலச் சாதனையை. ஆட்டமோ வருங்காலத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரருடைய உடல் சிறந்த நிலையில் இருக்கும் ஆண்டுகளில் குறைந்த ஊதியம். அது தளரத் தொடங்கும் வேளையில் பெருந்தொகை. இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. டாட்ஜர்ஸ் தன் உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையை 25 ஆண்டுகளுக்கு 800 கோடி டாலருக்கும் மேல் விற்றிருக்கிறது. சிறிய நகரத்து அணிக்கு அந்த அளவு தொகை கிடைப்பதில்லை. 2025-இல் டாட்ஜர்ஸ், மெட்ஸ் இரண்டும் ஊதியத்துக்காக 30 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. மயாமி அணி 10 கோடியைக்கூட எட்டவில்லை. பணம் வெற்றியை உறுதி செய்வதில்லை. ஆனால் தவறிவிழுந்தாலும் மீண்டும் எழுந்து நிற்கும் வசதியைத் தருகிறது. மெட்ஸ் ஒரு சோட்டோவில் ஏமாந்தால் இன்னொருவரை வாங்கும். சிறிய அணி ஒருமுறை ஏமாந்தால் ஐந்து ஆண்டுகள் படுத்துவிடும். இந்த இடத்தில் குறை கூறுபவர்களோடு நான் உடன்படுகிறேன்.

மருந்தில்தான் வேறுபடுகிறேன். அணி தரும் மொத்த ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்று உரிமையாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். 1994-இல் இதற்காகவே மூண்ட வேலைநிறுத்தத்தில் அந்த ஆண்டின் வேர்ல்டு சீரிஸ் போட்டியே நின்றுபோயிற்று. அமெரிக்கக் கால்பந்தில் 1994 முதல் இத்தகைய வரம்பு இருக்கிறது. இருந்தும் நியூ இங்கிலாந்து என்ற ஓர் அணி 2002 முதல் 2019 வரை ஆறு முறை வாகை சூடியது. உச்சவரம்பு உறுதியாகச் செய்யும் வேலை ஒன்றுதான்: ஆட்டக்காரரிடம் போகவேண்டிய பணத்தை உரிமையாளரிடம் நிறுத்துவது. ஃபிளட் எதிர்த்த பழைய விதியும் அதைத்தான் செய்தது.

ஏற்றத்தாழ்வின் ஊற்று நகரங்களின் வருவாயில் இருக்கிறது. எனவே மடையை அங்கேதான் திறக்க வேண்டும். உள்ளூர் வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பொதுவில் போட்டுப் பகிரும் முறை அங்கே ஏற்கெனவே வந்திருக்கிறது. அதை இன்னும் கூட்டலாம். ஆனால் பகிர்ந்த பணத்தை வாங்கும் அணி, அதை ஆட்டத்துக்கே செலவிட வேண்டும் என்ற கீழ்வரம்பும் கட்டாயம் வேண்டும். மிகுதியாகச் செலவிடும் உரிமையாளரைத் திட்டும் பத்திரிகைகள், பங்குப் பணத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி, ஆண்டுதோறும் தோற்பதற்கென்றே ஓர் அணியை அனுப்பும் உரிமையாளரை ஏன் விட்டுவிடுகின்றன? நுழைவுச்சீட்டு வாங்கி வரும் அந்த ஊர்ச் சிறுவனை ஏமாற்றுபவர் அவர்தானே?

2022-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்கு 2026 டிசம்பர் 1 வரை என்று காலம் குறித்திருக்கிறார்கள். அதையொட்டி உச்சவரம்புப் பேச்சு மீண்டும் எழாமல் இராது. அந்தச் செய்திகளைப் படிக்கும்போது, அந்தப் பருவத்தில் 30 அணிகளும் பெற்ற வெற்றிகளின் பட்டியலைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். திட்ட விலக்கத்தைக் கண்டு, அதன் வர்க்கத்திலிருந்து 40.5-ஐக் கழித்து, மீதியின் வர்க்கமூலத்தைக் காணுங்கள். அருகிலேயே ஒவ்வோர் அணியின் ஊதியத் தொகையையும் எழுதி, வரைபடத்தாளில் புள்ளியிட்டுப் பாருங்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா? ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு பருவங்களுக்குச் செய்து பாருங்கள்.