குற்றவாளி அகப்படாத கதைகள்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். நிறையப் படித்தவர், ரசனை உள்ளவர் என்று பெயர் எடுத்தவர். நான் அப்போது 1972-ல் வெளிவந்த ஒரு பழைய இத்தாலியப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெனோ என்ற டைரக்டர் எடுத்தது. 'போலீஸ் நன்றி தெரிவிக்கிறது' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

"என்ன ஸார், நீங்கள் போய் இந்தக் குப்பையைப் பார்க்கிறீர்களே! இத்தாலிய சினிமா என்றால் டி ஸீகாவின் 'சைக்கிள் திருடர்கள்' இல்லையா? ஃபெல்லினி இல்லையா?" என்றார் நண்பர்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தாலியில் 1970-களில் மளமளவென்று எடுத்துத் தள்ளப்பட்ட குற்றப் படங்களில் பெரும்பாலானவை குப்பைதான். ஒரே கார் துரத்தல், ஒரே பாங்க் கொள்ளை, ஒரே மீசைக்கார கமிஷனர். கறுப்புக் கையுறை அணிந்த கொலைகாரன் வரும் வகை இன்னும் மோசம். அந்த வகைக்கு மரியோ பாவா 1960-களில் வழி வகுத்தார். 1970-ல் டாரியோ அர்ஜென்டோ தம் முதல் படத்தாலேயே அதைப் பிரபலமாக்கினார். அவற்றில் ஒரு பெண் சாவதைக் காமிரா நின்று நிதானித்து ரசிப்பதை எந்தக் கலையின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அதற்கு நான் வக்கீல் அல்ல.

ஆனால் குப்பை என்ற ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுகிறதா? ஒரு தேசத்து ஜனங்கள் வருஷக்கணக்காக டிக்கட் வாங்கி இந்தப் படங்களைப் பார்த்தார்களே, அவர்கள் எல்லோரும் ரத்த வெறியர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இத்தாலிய மொழியில் குற்றக் கதைக்கு 'ஜாலோ' என்று பெயர். மஞ்சள் என்று அர்த்தம். 1929-ல் மொன்டடோரி என்ற பிரசுரகர்த்தர் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட ஆரம்பித்தார். அட்டையின் நிறமே கதைக்குப் பெயராகிவிட்டது. அந்த நாவல் வரிசையை 1941-ல் முஸோலினியின் சர்க்கார் நிறுத்திவிட்டது. அகஸ்டோ டி ஆஞ்செலிஸ் என்ற துப்பறியும் நாவலாசிரியரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த அவர், 1944-ல் ஒரு பாஸிஸ்டிடம் அடிபட்டு இறந்தார்.

கேவலம், ஒரு பொழுதுபோக்குப் புத்தகத்தைக் கண்டு சர்வாதிகாரி ஏன் பயப்பட வேண்டும்? எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அவன் பறை அறைகிறான். குற்றக் கதையோ, இந்த ஊரில் ஒரு பிணம் கிடக்கிறது, செய்தவன் யார் என்று கேட்கிறது. அந்தக் கேள்விதான் அவனுக்கு ஆகாது.

அதே கேள்வி பிற்பாடு குடியரசு இத்தாலியிலும் எழுந்தது. 1969-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி, மிலான் நகரத்தில் பியாஸா ஃபொன்டானா சதுக்கத்தில் இருந்த விவசாய பாங்கில் குண்டு வெடித்தது. 17 பேர் மாண்டார்கள். போலீஸார் உடனே அராஜகவாதிகள் மீது பாய்ந்தார்கள். பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளியைக் கொண்டுபோய் விசாரித்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் போலீஸ் தலைமை அலுவலகத்தின் நாலாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அது கொலையும் அல்ல, தற்கொலையும் அல்ல என்று 1975-ல் ஒரு நீதிபதி முடிவு சொன்னார்! வல்ப்ரேதா என்ற இன்னொருவர் மூன்று வருஷம் சிறையில் இருந்தார். பின்னால் வழக்கிலிருந்து விடுதலையானார். குண்டு வைத்தது நவ பாஸிஸ்டுகள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-ல். சொல்லி என்ன பயன்? பொறுப்பாளிகள் என்று அது குறிப்பிட்ட இருவரும் முன்பே விடுதலை பெற்றுவிட்டவர்கள். மறுபடி அவர்கள் மீது வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவனிடம் போய், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, கொலைகாரனைச் சுட்டிக்காட்டும் துப்பறியும் நிபுணரின் கதையைச் சொன்னால் அவன் நம்புவானா? சிரிப்பான்.

அவன் நம்பக்கூடிய கதையைத்தான் அந்தப் படங்களில் நல்லவை சொல்லின. எலியோ பெத்ரியின் படம் ஒன்று 1970 பிப்ரவரியில், குண்டு வெடித்து இரண்டே மாதத்தில், திரைக்கு வந்தது. எடுத்தது அதற்கும் முன்னால். பெரிய போலீஸ் அதிகாரி ஒருவன் தன் காதலியைக் கொல்கிறான். தடயங்களைத் தானே விட்டுவிட்டு வருகிறான். தன் மேல் கை வைக்க யாருக்காவது துணிவு வருமா என்று பார்க்க வேண்டும் அவனுக்கு! தடயம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. கைது செய்யத்தான் ஆள் இல்லை. இந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்ததால் நண்பர் இதைக் 'கலைப்படம்' என்பார். பரிசு வாங்காத தம்பிமார்கள் குப்பையாம்!

அந்தத் தம்பிகளில் ஒன்று பெர்னாண்டோ டி லியோவின் 'மிலானோ கலிப்ரோ 9' (1972). கீவ் நகரில் பிறந்து மிலானில் வாழ்ந்து மறைந்த நாவலாசிரியர் ஷெர்பனென்கோவின் கதைகளிலிருந்து பிறந்தது. சிறையிலிருந்து வெளிவரும் ஒருவன், 3 லட்சம் டாலரைத் திருடி ஒளித்தவன் என்று எல்லோராலும் துரத்தப்படுகிறான். நடுநடுவே இரண்டு போலீஸ் அதிகாரிகள் தர்க்கம் செய்கிறார்கள். சில்லறைத் திருடனைப் பிடிக்கிறோமே, பணக்காரத் திருடனை எப்போது பிடிப்பது என்கிறார் ஒருவர். கேட்டவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். இது பிரசங்கமா? இல்லை, சுவாரசியமான கதை. இந்தச் சுவாரசியத்துக்குள்தான் உண்மை ஒளிந்து வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1974-ல் என்ஸோ காஸ்டெல்லாரி எடுத்த படத்தில் எஞ்சினியர் ஒருவர் தபாலாபீஸ் கொள்ளையில் சிக்கி அடிபடுகிறார். போலீஸ் கைவிரிக்கிறது. அவரே பழிவாங்கக் கிளம்புகிறார். மௌரிஸியோ மெர்லி நடித்த கமிஷனர்களோ சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கன்னத்தில் அறைவார்கள், சுடுவார்கள். கொட்டகையில் கைதட்டல். இவை பாஸிஸ மனப்பான்மையை வளர்க்கும் படங்கள் என்று இத்தாலிய விமர்சகர்கள் அன்றே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாப் படங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்களே, அதில்தான் நியாயம் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஓர் எளிய சோதனை உண்டு. படம் முடிந்து எழுந்திருக்கும்போது நம் பயம் தூங்கிவிட்டதா, விழித்துக்கொண்டதா? துப்பாக்கியைக் கதாநாயகன் கையில் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடும் படம் தூக்க மருந்து. கணக்குத் தீரவில்லை என்று சொல்லி அனுப்பும் படம் நம்மை மதிக்கிறது.

இந்நாளில் இந்தப் படங்களுக்குப் புதிய பக்தர்கள் தோன்றியிருக்கிறார்கள். மொரிகோனியின் சங்கீதம், தோல் கோட்டு, ஆல்ஃபா ரோமியோ கார் என்று உருகுகிறார்கள். எனக்கு அவர்களிடமும் சண்டைதான். என் நண்பர் படத்தைப் பார்க்காமலே தள்ளுகிறார்; இவர்கள் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாங்கில் செத்துப்போன 17 பேர் இரு தரப்பார் கண்ணிலும் படவில்லை.

அன்று மாலை நண்பர் போகவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே படம் முழுவதையும் பார்த்தார். குற்றவாளிகளைத் தாங்களே தீர்த்துக்கட்டும் ஒரு ரகசியக் கூட்டத்தை அந்தப் படத்தில் ஒரு கமிஷனர் துப்பறிகிறார். அது பழைய போலீஸ்காரர்களின் கூட்டம் என்று கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

"என்ன ஸார் இது? கண்டுபிடித்தவனே செத்துப்போனானே! இதில் நீதி எங்கே இருக்கிறது?" என்று நண்பர் கோபித்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தை உண்டாக்கத்தான் அந்தப் படத்தை எடுத்தார்கள் என்றேன். அவர் குப்பை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு சொல்லவில்லை. வேறு படம் இருந்தால் சொல்லுங்கள் என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.