யாரை எழுப்புவது?

டெலிகேட் என்றதும் மாநாட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்புகிறவர் நினைவுக்கு வந்தால் நீங்கள் பாக்கியசாலி. மைக்ரோசாஃப்ட் 2000-ல் அறிவித்த சி-ஷார்ப் மொழியில் டெலிகேட் என்பது ஒரு கூப்பிடு பட்டியல். ஒன்று நடந்தால் யார் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வரிசையில் என்று.

இதை எர்ணாவூர் மாணவன் ஒருவனுக்கு விளக்க நேர்ந்தது. உதாரணம் தேடி அலையவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பக்கத்தில் எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா வரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிய, மூச்சுத் திணறத் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

"சரி, 'கசிவு'ன்னு ஒரு டெலிகேட். பிளஸ்-ஈக்வல் போட்டு எஸ்.எம்.எஸ்., சைரன், தீயணைப்பு மூணையும் சேர்க்கறோம். சேர்த்த வரிசையில கூப்பிடும்."

"சைரனை ரெண்டு தடவை சேர்த்துட்டா?"

"ரெண்டு தடவை ஊதும். மைனஸ்-ஈக்வல் போட்டா கடைசியா சேர்த்தது மட்டும் போகும், முதல் சைரன் அப்படியே இருக்கும்."

பட்டியலில் இல்லாத ஆளை நீக்கச் சொன்னால் சி-ஷார்ப் ஆட்சேபிக்காது, பேசாமல் இருந்துவிடும். (சில ஆபீஸ்களில் மனு கொடுத்த அனுபவம் இருந்தால் புரியும்.) எல்லோரையும் நீக்கினால் காலிப் பட்டியல்கூட மிஞ்சாது. 'நல்', அதாவது சூனியம். அதைக் கூப்பிட்டால் புரோகிராம் படுத்துவிடும். இன்னொன்று: சேர்க்கும்போதும் நீக்கும்போதும் பழைய பட்டியலைத் திருத்துவதில்லை, புதிதாக ஒன்று பிறக்கிறது. பழைய பிரதியைக் கையில் வைத்திருப்பவர் பழைய ஆட்களையே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆனால் நிஜமான ஆபத்து வேறு. வரிசையில் முதலில் நிற்கும் எஸ்.எம்.எஸ். தடுக்கி விழுந்து பிழை எறிந்தால், அதோடு சரி. பின்னால் நிற்கும் சைரன் ஊதாது, தீயணைப்புக்கும் தகவல் போகாது.

"அப்ப சைரனை முதல்ல சேர்த்துடலாம் சார்."

"சைரனுக்கு கரண்ட் இல்லேன்னா?"

யோசித்தான். பட்டியலைப் பிரித்து வாங்க 'கெட்-இன்வொகேஷன்-லிஸ்ட்' என்று ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக டிரை-கேட்சுக்குள் கூப்பிடலாம், ஒருவர் விழுந்தாலும் அடுத்தவருக்குப் போகலாம் என்றேன்.

"எங்க மாமா பெரியகுப்பம் சார். அன்னிக்கு ராத்திரி அப்படித்தான் கதவு தட்டுனாரு. ஒரு வூடு தொறக்கலன்னா நிக்கல, அடுத்த வூடு."